இருப்பா, சட்டை போட்டுக்கறேன்!

டிஸ்கி: இது யாரையும் தனிப்பட்ட முறையில தாக்கி எழுதினது இல்லை. படிக்கும்போது எங்கேயாவது சுருக்குன்னு தைச்சா, அந்த வரி உங்களுக்காக எழுதினதுதான் :-)

மக்களே, ஒரு சின்ன வேலை பண்ணுங்க. நம்ம ஊர்ல எங்கேயாவது போட்டோ கண்காட்சி நடந்தா உள்ள போங்க. மனுஷங்க படமா மாட்டியிருக்கற சுவத்துக்கு முன்னாடி நின்னு, படத்தைப் பார்க்காம, கீழ இருக்கற தலைப்பை மட்டும் படிச்சுக்கிட்டே வாங்க. 'முதுமை'. 'காத்திருப்பு'. 'தனிமை'. 'உழைப்பின் ரேகைகள்'. 'நாளைய இந்தியா' (இது கட்டாயம் மூக்கு ஒழுகற ஒரு குழந்தை). எடுத்தவர் பேரு இருக்கும். கேமரா பேரு, லென்ஸ் பேரு, ஐஎஸ்ஓ எவ்வளவு, ஷட்டர் எவ்வளவு, எல்லாம் இருக்கும். படத்துல இருக்கற ஆளோட பேரு மட்டும் இருக்காது.

அப்படியே பக்கத்துச் சுவத்துக்குப் போங்க. அங்கே பறவைப் படம் மாட்டியிருப்பாங்க. சாம்பல் நாரை, செங்கால் நாரை, பொன்முதுகு மரங்கொத்தின்னு அத்தனைக்கும் பேரு போட்டிருக்கும். பேரைத் தப்பாப் போட்டா சண்டைக்கே வருவாங்க. கொக்குக்குக் கிடைக்கற மரியாதை கூட கூடை முடையற அம்மாவுக்குக் கிடையாது. என்ன கொடுமை சார் இது?

என் கட்சி ரொம்பச் சிம்பிள். நம்மள மாதிரி பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கறவன், முன்னப்பின்ன தெரியாத ஒரு மனுஷனை எடுத்தா மூணு காரியம் செய்யணும். எடுக்கறதுக்கு முன்னாடி கேட்கணும். பேரைத் தெரிஞ்சுக்கணும். படத்தைக் காகிதத்துல போட்டுக் கொண்டுபோய்க் கையில கொடுக்கணும். இந்த மூணும் முடியாதுன்னா, பேசாம நாரையை எடுக்கலாம். அதுக்குச் சட்டை கிடையாது, வெட்கமும் கிடையாது.

'நீ யாருடா இதைச் சொல்ல?'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. என் கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன்.

நான் மதுரைக்காரன். பொழப்புக்கு ஆபீஸ் வேலை, ஞாயித்துக்கிழமை கேமரா. என் சித்தப்பா திருமங்கலத்துல ஸ்டுடியோ வெச்சிருந்தார். ஸ்கூல் லீவு விட்டா அங்கேதான் கெடப்பேன். பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்டறது, டார்க் ரூம்ல ட்ரே கழுவறது, கழுவின பிரிண்டைக் கிளிப் போட்டுக் காயவைக்கறது, இதெல்லாம் என் வேலை. யாஷிகா மேட் 124ஜி-ன்னு ஒரு ரெட்டைக் கண்ணு கேமரா வெச்சிருந்தார். ஒரு ரோலுக்கு 12 படம். மேல மூடியைத் திறந்து, குனிஞ்சு பார்த்துத்தான் எடுக்கணும். எதிர்ல இருக்கறவங்களுக்குத் தலை வணங்கற மாதிரியே இருக்கும்.

அந்த ஸ்டுடியோவுல கேமராவுக்கும் முன்னாடி ஆளுங்க தேடறது ஒண்ணு உண்டு. உள்ள நுழைஞ்சதும் இடது பக்கம் ஆளுயரக் கண்ணாடி. அதுக்குக் கீழ ஒரு பலகையில சீப்பு, பவுடர் டப்பா. வர்றவங்க மொதல்ல அங்கே நிப்பாங்க. வயல்ல இருந்து நேரா வந்தவர் கூட மூஞ்சியைக் கழுவி, தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தானைச் சரி பண்ணிக்கிட்டுத்தான் ஸ்டூல்ல உட்காருவார். சித்தப்பா அவசரப்படுத்தவே மாட்டார். 'அவங்க முகம், அவங்க பணம். நமக்கு என்னடா அவசரம்?'பார்.

இன்னொரு வகை ஆளுங்களும் வருவாங்க. வீட்டுல யாரோ தவறிப் போயிருப்பாங்க. கையில பழைய கல்யாண குரூப் போட்டோ ஒண்ணு இருக்கும். 'மூணாவது வரிசையில நாலாவது ஆளு சார், இவுகதான் எங்க ஆத்தா. வேற படமே இல்லை. பெருசா போட்டுத் தரணும்'பாங்க. அந்த முகம் சுண்டுவிரல் நகத்துல பாதி அளவு இருக்கும். சித்தப்பா அதை காப்பி எடுத்து, பெருசாக்கி, கலங்கிப்போன இடத்துல எல்லாம் பிரஷ்ஷால கண்ணு, மூக்கு தொட்டுக் கொடுப்பார். வாங்கிப் பார்த்துட்டு அந்தம்மா அழுவாங்க. ஒரு காகிதத்துல இருக்கற முகம் ஒரு குடும்பத்துக்கு என்னங்கறதை நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சுத் தெரிஞ்சுக்கல. அந்த ஸ்டுடியோவுல நின்னு பார்த்தேன்.

2007-ல சொந்தக் காசுல நிக்கான் டி40 வாங்கினேன். கூடவே 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். டி40 பாடியில ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால அந்த லென்ஸை மாட்டினா கையாலதான் ஃபோகஸ் திருகணும். கடைக்காரர், 'வேணாம் சார், 70-300 எடுத்துக்கங்க, தூரத்துல இருந்தே ஆளுங்களை அள்ளிரலாம், அவங்களுக்குத் தெரியவே தெரியாது'ன்னார். எனக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிர். 50 எம்எம்-ல ஒரு ஆளோட முகமும் தோளும் வரணும்னா நாலடி, அஞ்சடி தூரத்துல நிக்கணும். அந்தத் தூரத்துல நின்னுக்கிட்டு கையால ஃபோகஸ் திருகிக்கிட்டு இருந்தா யாரையும் திருட்டுத்தனமா எடுக்க முடியாது. பேசித்தான் ஆகணும். அந்த லென்ஸை நான் இன்னும் மாத்தல.

இப்ப தலைப்புக்கு வர்றேன்.

மதுரைக்குப் பக்கத்துல விளாச்சேரி இருக்கு. கொலு பொம்மைக்குப் பேர் போன ஊர். நவராத்திரிக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்தே கேமராக் கூட்டம் படையெடுக்கும். ஒருதடவை அப்படி எட்டுப் பேர் கொண்ட ஒரு குரூப்போட நானும் போயிருந்தேன். ஒரு பெரியவர் வெத்து உடம்போட, மார்பெல்லாம் மண்ணு அப்பிக் கிடக்க, பொம்மைக்கு மண்ணு பிசைஞ்சுக்கிட்டு இருந்தார். எட்டுக் கேமராவும் தூக்கியாச்சு. அவர் நிமிர்ந்து பார்த்துட்டு, கூச்சத்தோட, 'இருப்பா, சட்டை போட்டுக்கறேன்'ன்னார்.

உடனே இவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஐயோ வேணாம்ணே! அப்படியே இருங்க, அதுதான் நல்லா இருக்கு!' ஒருத்தர் கொஞ்சம் மேல போய், 'மண்ணை இன்னும் கொஞ்சம் பூசிக்கங்கண்ணே'ன்னார்.

அந்த மனுஷன் சட்டையை எடுக்கப் போன கையை இறக்கிட்டார். பத்து நிமிஷம், அவங்க சொன்ன மாதிரியெல்லாம் உட்கார்ந்தார். எல்லாரும் போனதும் நான், 'ஐயா, சட்டை போட்டுட்டு வாங்க, நான் இருக்கேன்'ன்னேன். உள்ள போய்க் கையைக் கழுவி, கோடு போட்ட நீலச் சட்டை போட்டு, தலை வாரிக்கிட்டு வந்தார். 'ஏய், நீயும் வா'ன்னு வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டார். அந்தம்மா வேற சேலை கட்டிக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் வாசல்ல, தாங்க செஞ்ச மீனாட்சி பொம்மை பக்கத்துல, விறைப்பா நின்னாங்க. மூணு ஷாட் எடுத்தேன். அடுத்த மாசம் 6x8 பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் படத்தை ஒரு கிளப் நடத்தின போட்டிக்கு அனுப்பினேன். தலைப்பு, அந்தத் தம்பதியோட ரெண்டு பேரும்தான். (போட்டிக்கு அனுப்ப மட்டும்தான் அவங்ககிட்ட சம்மதம் வாங்கினேன், அதனால அந்தப் பேரை இங்கே எழுதல.) நடுவர் பார்த்துட்டு, 'என்ன சார், ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு? ஃபீலிங்கே இல்லையே'ன்னார். பரிசு வாங்கினது, பஸ் ஸ்டாண்டு திண்ணையில வாயைப் பிளந்து தூங்கின ஒரு தாத்தா. தலைப்பு 'விதி'. லைட்ரூம்ல கிளாரிட்டியை வலது பக்கம் கடைசி வரைக்கும் இழுத்ததுல, தாத்தா முகத்துல வயசைவிடப் பத்து வருஷம் கூட இருந்துச்சு. விழிச்சுப் பார்க்கறப்போ தான் 'விதி' ஆகிட்டோம்னு அந்தத் தாத்தாவுக்குத் தெரியுமா? தெரியாது. யாரும் சொல்லல.

ஃபீலிங் இல்லையாம்! வாழ்க்கை பூரா சேர்ந்து மண்ணு பிசைஞ்ச ரெண்டு பேர், நல்ல துணி உடுத்தி, நிமிர்ந்து நின்னு 'நாங்க இப்படித்தான் தெரியணும்'னு சொல்றாங்களே, அதுல இல்லாத ஃபீலிங்கா? வெத்து உடம்பும் மண்ணும் மட்டும்தான் 'நிஜம்', நீலச் சட்டை 'பொய்'யின்னு யார் முடிவு பண்ணினது? அந்த நடுவர் தன் கல்யாண ஆல்பத்துக்கு லுங்கியோட போஸ் கொடுத்தாரா?

இந்தப் பார்வை எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சா, நூத்தைம்பது வருஷம் பின்னாடி போகணும். 1868-ல இருந்து 1875 வரைக்கும் பிரிட்டிஷ் அரசு 'த பீப்பிள் ஆஃப் இந்தியா'ன்னு எட்டுத் தொகுதி வெளியிட்டுச்சு. நானூறு சொச்சம் படங்கள். 1857 கலகத்துக்கு அப்புறம், தாங்க ஆள்ற ஜனங்களை வகை பிரிச்சுப் புரிஞ்சுக்கணும்ங்கற தேவை. பெரும்பாலான படங்களுக்குக் கீழ இனம், சாதி, தொழில் இருக்கும். ஆளு ஒரு மாதிரி, ஒரு சாம்பிள், அவ்வளவுதான். நம்ம சென்னை எழும்பூர் மியூசியத்துக்குத் தலைவரா இருந்த எட்கர் தர்ஸ்டன், மண்டையையும் மூக்கையும் கருவி வெச்சு அளந்து, படமும் எடுத்து, 1909-ல தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி ஏழு தொகுதி போட்டார். வெள்ளைக்காரன் போயிட்டான். ஆளைப் பார்க்காம வகையைப் பார்க்கற அந்தக் கண்ணு மட்டும் நம்ம கழுத்துல கேமரா பெல்ட்டோட தொங்குது. 'குயவர்', 'மீனவர்', 'முதியவர்'. தர்ஸ்டனாவது அளந்தார். நாம அதையும் பண்றதில்லை, நேரா 'சோகம்'னு எழுதிடறோம்.

'பெரிய பெரிய ஜாம்பவான்களே அப்படித்தானே எடுத்தாங்க?' இது அடிக்கடி வர்ற எதிர்க்கேள்வி. சரி, ரெண்டு ஜாம்பவான்களைப் பார்ப்போம்.

1936. அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவின் நிபோமோவுல, பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாம தவிச்ச கூலிக் குடும்பங்களோட முகாம். டொரதியா லாங்கே அங்கே ஒரு தாயையும் பிள்ளைகளையும் எடுத்தாங்க. 'மைக்ரண்ட் மதர்'. உலகத்துலயே அதிகமா அச்சான படங்கள்ல ஒண்ணு. லாங்கே அந்தத் தாயோட பேரைக் கேட்கல, பின்னாடி அவங்களே அப்படி எழுதியிருக்காங்க. படம் வெளியானதும் அரசு அந்த முகாமுக்குச் சாப்பாட்டு மூட்டை அனுப்புச்சு. நல்ல விஷயம்தான், மறுக்கல. ஆனா அதுக்குள்ள அந்தக் குடும்பம் அங்கிருந்து கிளம்பிப் போயிடுச்சு. 1978-லதான், அது ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு வெளிய தெரிஞ்சுது. அந்தப் படத்தால தனக்கு ஒரு காசும் வரலைன்னும், அதை எடுக்க விட்டிருக்கவே கூடாதுன்னும் அவங்க வருத்தப்பட்டாங்க. 42 வருஷம் 'ஏழைத் தாய்'ங்கற தலைப்புக்குக் கீழயே வாழ்ந்திருக்காங்க.

அடுத்தது, 1984. பாகிஸ்தான்ல பெஷாவர் பக்கம் அகதி முகாம். ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண்ணு ஆப்கன் சிறுமி. 1985 ஜூன் நேஷனல் ஜியாகிரபிக் அட்டை. உங்க எல்லாருக்கும் அந்த முகம் தெரியும். அந்த முகத்தோட சொந்தக்காரிக்கு? 2002-ல அவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சுக் காட்டற வரைக்கும் ஷர்பத் குலா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. 17 வருஷம் உலகம் பூரா அந்தப் படம் ஓடுச்சு. அவங்க வீட்டுக்கு மட்டும் ஒரு காப்பி போகல.

இவங்க ரெண்டு பேராவது பத்திரிகைக்காக, அரசுக்காக, நேரத்தோட ஓடினவங்க. அவங்களுக்கு ஒரு சாக்காவது இருக்கு. உங்களுக்கும் எனக்கும் என்ன அவசரம்? நாம எடுக்கற படத்துக்காக எந்த எடிட்டர் காத்துக்கிட்டு இருக்கார்? பொழுதுபோக்குக்காரன்கிட்ட இருக்கற ஒரே சொத்து நேரம். அதே ஊருக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும் போகலாம், அதுக்கு அடுத்ததும் போகலாம். புரொஃபஷனலுக்குக் கிடைக்காத வசதி அது. அதை வெச்சுக்கிட்டு ஏன் பிக்பாக்கெட் மாதிரி அடிச்சுட்டு ஓடணும்?

ஜாம்பவான்னா எனக்கு மில்டன் ரோகோவின். நியூயார்க் மாநிலத்துல பஃபலோன்னு ஒரு ஊர். அங்கே கண்ணு பரிசோதிச்சுக் கண்ணாடி எழுதித் தர்ற தொழில் பார்த்தவர். 1957-ல கம்யூனிஸ்டுன்னு அமெரிக்க நாடாளுமன்றக் கமிட்டி விசாரணைக்குக் கூப்பிட, ஊர்ப் பத்திரிகை நாறடிக்க, தொழில் படுத்துடுச்சு. அப்புறம்தான், ஐம்பதை நெருங்கற வயசுல, கேமராவைத் தீவிரமா எடுத்தார். 1972-ல தன் கடைக்குப் பக்கத்துல இருந்த ஏழைத் தெருக்கள்ல படம் எடுக்க ஆரம்பிச்சார். ரெட்டைக் கண்ணு ரோலிஃப்ளெக்ஸ், என் சித்தப்பா கேமரா மாதிரிதான். எப்படி நிக்கணும், யார் பக்கத்துல நிக்கணும்ங்கறதை அந்த ஆளுங்களே முடிவு பண்ணுவாங்க. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வருவார். எண்பதுகள்ல திரும்பப் போய் அதே ஆளுங்களைத் தேடி எடுத்தார். தொண்ணூறுகள்லயும், 2000-க்கு அப்புறம் தொண்ணூறு வயசு தாண்டியும் போனார். பலரோட வாழ்க்கை நாலு படத்துல வரிசையா நிக்கும். பழைய பிரிண்டைச் சுவத்துல மாட்டி, அதுக்கு முன்னாடியே நின்னு புதுப் படத்துக்குப் போஸ் கொடுத்தவங்க உண்டு. 2011-ல, 101 வயசுல இறந்தார். அவர் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே வாங்கி வெச்சிருக்கு. கேட்டு எடுத்தா கலை செத்துடும்னு சொல்றவங்க போய்ப் பாருங்க.

'கேட்டா இயல்பு போயிடுமே?' மொதல் அஞ்சு நிமிஷம் போகும், உண்மைதான். ஒரு டீ குடிங்க, திரும்ப வரும். வராட்டி அந்த விறைப்பையே எடுங்க. கேமரா முன்னாடி ஒருத்தர் எப்படி நிக்கறார்ங்கறதும் அவரோட இயல்புதான்.

'பொது இடத்துல எடுக்கச் சட்டம் தடுக்கலையே?' பொது இடத்துல படம் எடுக்கறதே குத்தம்னு நம்ம ஊர்ல பொதுச் சட்டம் இல்லைதான். ஆனா ஒருத்தரைத் தனியா விட்டுடணும்ங்கற உரிமையை உச்ச நீதிமன்றம் 1994-லயே, நம்ம ஆட்டோ சங்கர் சுயசரிதை வழக்குல பேசிடுச்சு. 2017-ல அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னும் சொல்லிடுச்சு. ஜெர்மனியில 1898-ல பிஸ்மார்க் செத்துக் கிடந்த அறைக்குள்ள ரெண்டு பேர் திருட்டுத்தனமா நுழைஞ்சு படம் எடுத்தாங்க. அந்தக் களேபரத்தோட விளைவா 1907-ல, ஒருத்தர் படத்தை அவர் சம்மதம் இல்லாம வெளியிடக் கூடாதுன்னு சட்டமே வந்துச்சு. பிரபுவுக்கு நடந்தா சட்டம், பிளாட்பாரத்துல தூங்கறவருக்கு நடந்தா முதல் பரிசா?

'இப்ப எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே, உன் பிரிண்ட் எதுக்கு?' செல்போன் உடையும், தண்ணியில விழும், மாத்துவாங்க. ஆயிரம் படம் எடுத்தவங்க வீட்டுல சுவத்துல மாட்ட ஒண்ணு இருக்காது. வாட்ஸப்ல அனுப்பறேன்னா அனுப்புங்க, சந்தோஷம். கூடவே ஒரு மேக்ஸி சைஸ் பிரிண்டும் கொடுங்க. ரெண்டு டீ, ஒரு வடை காசு ஆகுமா?

நியாயமா ஒண்ணு சொல்லிடறேன். ஆத்துல அழகர் இறங்கறப்போ லட்சம் பேரைக் கேட்டுக்கிட்டு எடுக்க முடியாது, தேவையும் இல்லை. அங்கே கூட்டம்தான் படம். போலீஸ் ஒருத்தரைப் போட்டு அடிச்சுக்கிட்டு இருந்தா, 'சார், ஒரு படம் எடுத்துக்கட்டுமா'ன்னு கேட்கறவன் மடையன். அது சாட்சி சொல்ற வேலை. நான் பேசறது, சாவகாசமா ஞாயித்துக்கிழமை காலையில ஒத்தை மனுஷனைக் குறிவெச்சு எடுக்கற நம்ம பொழுதுபோக்கைப் பத்தி மட்டும்தான்.

என் வழக்கம் இதுதான். பையில சின்ன நோட்டு ஒண்ணு. படம் எடுத்ததும் பேரு, தெரு அடையாளம், தேதி. மாசக் கடைசியில லேப்ல பிரிண்ட். பின்பக்கம் பேரும் தேதியும். அடுத்த மாசம் கொண்டுபோய்க் கொடுக்கறது. வேணாம்னு தலையாட்டினவங்களுக்கு ஒரு கும்பிடு, நகர்ந்துடறது. இப்படி இதுவரைக்கும் 400-க்கு மேல கொடுத்தாச்சு. அதுல மூணு பிரிண்ட், எனக்குத் தெரிஞ்சு, பெருசாக்கி மாலை போட்டுச் சுவத்துல தொங்குது. அதுல ஒண்ணு அந்த நீலச் சட்டை. வீட்டுக்காரம்மாவைத் தனியா வெட்டிட்டு அவரை மட்டும் பெருசாக்கியிருக்காங்க. வெத்து உடம்போட, மண்ணு பூசிக்கிட்டு எடுத்த எட்டுப் பேரோட படங்கள் எந்த ஹார்ட் டிஸ்க்ல இருக்கோ, அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. ஒருவேளை கிடைச்சிருந்தாலும், அதை மாட்டியிருக்க மாட்டாங்க.

எந்தப் போட்டியிலயும் எனக்கு இதுவரைக்கும் ஆறுதல் பரிசு கூட வரல. பரவாயில்லை. ஆனா நடுவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. நுழைவுப் படிவத்துல லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் கேட்கறீங்க. அதுக்குக் கீழ ரெண்டு கட்டம் சேருங்க: 'படத்தில் இருப்பவர் பெயர்', 'அவருக்குப் படம் கொடுத்த தேதி'. எத்தனை 'முதுமை'யும் 'விதி'யும் காணாமப் போகுதுன்னு பாருங்க.

மத்தவங்களுக்கு: உங்க ஹார்ட் டிஸ்கைத் திறந்து பாருங்க. அதுல இருக்கற முகங்கள்ல எத்தனை பேருக்கு அவங்க முகம் கிடைச்சுது? இந்த வாரம் பத்துப் படத்தை மட்டும் எடுத்து லேப்ல போடுங்க. எடுத்த இடத்துக்கே போய் விசாரிங்க. டீக்கடையில காட்டினாலே ஆளைச் சொல்லிடுவாங்க. கையில கொடுக்கறப்போ அவங்க மொதல்ல பார்க்கறது உங்க காம்போசிஷனை இல்லை, தலை படிஞ்சிருக்கான்னுதான். அதைப் பக்கத்துல நின்னு பாருங்க, அப்புறம் வந்து என்கூடச் சண்டை போடுங்க.

வர்ட்டா?